ஒழுங்கையில் கார் நிறுத்த அனுமதி, குழாயில் நாளைய தண்ணீர்: அயலவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருக்கிறோம். ஒழுங்கைக்காரர் சேர்ந்து கொழும்பு மாநகர சபைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். அதில் கோரிக்கை இரண்டு. வீதியோரத்தில் கார் நிறுத்த, அங்கே குடியிருப்பவர்களுக்கு அனுமதி அட்டை கொடுக்கும் முறையைச் சபை ஆராய வேண்டும் என்பது ஒன்று. மற்றது, இனி எங்கள் ஒழுங்கையில் ஒரு தொடர்மாடிக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்னால், இங்குள்ள தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அதைத் தாங்குமா என்று கணக்குப் பார்த்து, அந்தக் கணக்கை எங்களுக்கும் காட்ட வேண்டும் என்பது.

கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கியபோது ஒரே சந்தேகங்களை வாசலில், லிஃப்டில், மரக்கறிக் கடையில் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் கீழே தந்திருக்கிறேன்.

1. பெர்மிட் பார்க்கிங் எண்டா என்ன? காலி வீதியில டிக்கெட் வெட்டுறாங்களே, அதுதானோ?

இல்லை, அது வேறு. காலி வீதியிலும் டூப்ளிகேஷன் வீதியிலும் மணிக்கணக்குப் பார்த்துக் காசு வாங்குவது கடைக்கும் வங்கிக்கும் வந்து போகிறவர்களுக்காக. யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து நிறுத்தலாம். ஒரே கார் நாள் முழுக்க இடத்தை அடைத்து நிற்கக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

நாங்கள் கேட்பது குடியிருப்பாளருக்கான அனுமதி. ஒழுங்கையில் வசிப்பவரின் வண்டிக்கு முன் கண்ணாடியில் ஒட்ட ஓர் அட்டை கிடைக்கும். குறித்த நேரங்களில், உதாரணமாக மாலை 6 மணியிலிருந்து காலை 8 மணி வரை, கோடு போட்ட இடங்களில் அந்த அட்டை உள்ள வண்டிகள் மட்டும் நிற்கலாம். மற்ற நேரத்தில் எல்லோருக்கும் பொது. எந்த நேரம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் சபை முடிவெடுக்க வேண்டியவை. மனுவில் நாங்கள் தொகை எதையும் எழுதவில்லை.

2. என்ர வீட்டு கேட்டுக்கு முன்னால இருக்கிறது என்ர இடம்தானே? அதுக்கு ஏன் அட்டை?

உங்கள் காணி உறுதியில் உள்ள எல்லை மதிலோடு முடிகிறது. மதிலுக்கு வெளியே இருப்பது பொது வீதி. உங்கள் வாசலை யாரும் மறிக்கக்கூடாது, அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வாசலுக்குப் பக்கத்து இடத்தில் பூச்சட்டி, பழைய டயர், சீமெந்துக் கட்டை வைத்துப் பிடித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. எங்கள் ஒழுங்கையில் நான் எண்ணியபோது அப்படி ஏழு இடங்கள் இருந்தன. மனுவில் கையெழுத்துப் போட்ட வீடுகளும் அதில் உண்டு. அவர்களிடம் நேரே சொல்லிவிட்டேன்: அட்டை முறை வந்தால் முதலில் போக வேண்டியவை அந்தக் கட்டைகள்தான்.

சில ஒழுங்கைகள் சபையின் பொறுப்பில் இல்லாத தனியார் பாதைகள். அங்கே சபை கோடு போட முடியாது. உங்கள் ஒழுங்கை எந்த வகை என்பதை வேலையைத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. இதைச் செய்ய வேண்டியது பொலிஸோ, சபையோ?

விதி செய்வது சபை. மீறினால் பிடிப்பதற்குப் பொலிஸும் வேண்டும். காலி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருப்பதால், அங்கே எதையும் மாற்ற அவர்களையும் கேட்க வேண்டும். எங்களைப் போன்ற உள் ஒழுங்கைகள் பெரும்பாலும் மாநகர சபையின் பொறுப்பு.

மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் 1947இலிருந்து இருக்கிறது. அதன் கீழ் சபை துணைவிதி செய்யலாம். ஆனால் கூட்டத்தில் கை உயர்த்திய மறுநாளே அது அமுலுக்கு வந்துவிடாது. மேலே அங்கீகாரம் கிடைத்து, வர்த்தமானியில் வெளிவர வேண்டும். மாதக்கணக்கில் பொறுக்க வேண்டியிருக்கும் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இன்னொரு விஷயம். 2023 மார்ச்சில் சபையின் பதவிக்காலம் முடிந்த பிறகு 2025 மே 6 தேர்தல் வரை கொழும்புக்குத் தெரிவான உறுப்பினர்களே இருக்கவில்லை, ஆணையாளர்தான் நிர்வாகம் நடத்தினார். அந்த இரண்டு வருடமும் இப்படியொரு மனுவை எந்த உறுப்பினரின் கையில் கொடுப்பது என்று கேட்டால் பதில் இல்லை. இப்போது 117 ஆசனங்கள் கொண்ட சபை இருக்கிறது, வட்டாரத்துக்கு உறுப்பினர் இருக்கிறார். அதனால்தான் இப்போது எழுதுகிறோம்.

4. காசு கட்டி அட்டை எடுத்தா, எனக்கு இடம் நிச்சயமோ?

நிச்சயம் இல்லை. அதிகம் பேர் கேட்டது இதைத்தான், அதிகம் பேருக்குப் பிடிக்காத பதிலும் இதுதான். அட்டை என்பது அந்த ஒழுங்கையில் இடம் தேடும் உரிமை மட்டும். இன்ன இடம் உங்களுடையது என்று அது சொல்லாது.

பக்கத்து வீட்டுத் தம்பியும் நானும் ஒரு ஞாயிறு காலை நாடா பிடித்து அளந்தோம். ஒழுங்கை நீளம் 180 மீற்றர். ஒரு பக்கத்தில் 17 வாசல்கள், வாசலுக்குச் சராசரி 4 மீற்றர் என்றால் 68 மீற்றர் போய்விடும். இரண்டு முனைத் திருப்பங்கள், தீயணைப்புக் குழாய், மின்மாற்றி நிற்கும் இடம் எல்லாம் சேர்ந்து இன்னும் 22 மீற்றர். மிச்சம் 90. ஒரு காருக்கு முன்பின் எடுக்கும் இடத்தோடு 6 மீற்றர் வேண்டும். ஆக 15 கார்கள். அன்று இரவு 10 மணிக்கு எண்ணிப் பார்த்தோம், இரண்டு பக்கமுமாக 31 வண்டிகள் நின்றன. ஒழுங்கையில் இருப்பவை ஏறத்தாழ 130 வீடுகள்.

15 இடத்துக்கு 130 அட்டை கொடுத்தால் அது வெறும் காகிதம். ஆகவேதான் மனுவில் இரண்டு நிபந்தனைகளை நாங்களே கேட்டிருக்கிறோம்: வீட்டுக்கு ஓர் அட்டைக்கு மேல் வேண்டாம், கட்டடத்துக்குள் தரிப்பிடம் உள்ள வீடுகள் வரிசையில் கடைசியாக வரட்டும். இன்னொன்றையும் யோசியுங்கள். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. வண்டிகள் கூடும், ஒழுங்கை நீளப் போவதில்லை.

5. இரண்டு பக்கமும் விட்டா 30 கார் நிக்கும்தானே, ஏன் ஒரு பக்கம் மட்டும்?

எங்கள் ஒழுங்கையின் அகலம் 6 மீற்றர். ஒரு காருக்கு 1.8 மீற்றர் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நின்றால் நடுவில் மிஞ்சுவது 2.4 மீற்றர். தீயணைப்பு வண்டியே ஏறக்குறைய 2.5 மீற்றர் அகலம். 110க்கு அழைத்தால் வருவது மாநகர சபையின் சொந்தத் தீயணைப்புப் படை. அவர்கள் காலி வீதி முனையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதை நான் கணக்காக மட்டும் எழுதவில்லை. மூன்றாம் வீட்டு ஐயாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவு, 1990 அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் நுழைய முடியாமல் நின்றது. இரண்டு கார்கள் நேரெதிராக நிறுத்தப்பட்டிருந்தன, ஓட்டியவர்கள் யார் என்று தெரியவில்லை. அவரைத் தூக்குகட்டிலில் வைத்து நாங்கள் நான்கு பேர் முனை வரை சுமந்து போனோம். அவர் பிழைத்துக்கொண்டார். அந்த நடையை நான் மறக்க மாட்டேன், இந்த மனு தொடங்கியதே அந்த இரவிலிருந்துதான். ஒரு பக்கம் முழுதாகத் திறந்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

6. எங்கட தொடர்மாடியில கீழ பார்க்கிங் எண்டு பிளானில இருக்கு. இப்ப அங்க ஸ்டோர் ரூம். என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் உறுதியைப் பாருங்கள். தரிப்பிடம் உங்கள் வீட்டோடு இணைந்த துண்டாக எழுதப்பட்டிருக்கிறதா, பொதுப் பகுதியா, அல்லது எதுவுமே இல்லையா? வாங்கும்போது வாய்ச்சொல்லை நம்பியவர்கள் இங்கே நிறையப் பேர். நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். விற்றவர் காட்டிய இடத்தை அவர் ஏற்கெனவே வேறொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

கட்டடத்துக்கு அனுமதி கிடைத்தபோது இத்தனை வண்டிக்கு இடம் என்று வரைபடத்தில் காட்டியிருப்பார்கள். அதை வேறு வேலைக்கு மாற்றினால் அந்த வண்டிகள் ஒழுங்கைக்குத்தான் வரும். உங்கள் முகாமைக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள், அங்கே நடக்காவிட்டால் சபைக்கு எழுதுங்கள். எங்கள் ஒழுங்கையில் இப்படிப் போன இடங்கள் திரும்பக் கிடைத்தாலே 4ஆம் கேள்வியில் சொன்ன பற்றாக்குறை நன்றாகக் குறையும். அட்டை முறையைவிடப் பலன் தரக்கூடியது இது என்பது என் எண்ணம்.

7. அக்கா, நாங்க வாடகைக்கு இருக்கோம். வண்டியும் என் பேர்ல இல்ல. எங்களுக்கு அட்டை கிடைக்காதா?

கிடைக்க வேண்டும். வெள்ளவத்தையில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான்: வீடு வாடகை, கார் லீசிங் கம்பனியின் உரிமையில், அல்லது யாழ்ப்பாணத்தில் இருக்கும் தம்பியின் பெயரில், பழைய வட மாகாண இலக்கத் தகட்டோடு. உறுதிப் பத்திரமோ வாக்காளர் இடாப்போ காட்டினால்தான் அட்டை என்று விதி வந்தால், வசிக்கிறவருக்குக் கிடைக்காது, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்குக் கிடைக்கும்.

ஆகவே கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, அந்த வீட்டு முகவரிக்கு வரும் மின்சார அல்லது தண்ணீர் பில், வண்டியின் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி ஆகியவற்றை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டிருக்கிறோம்.

8. கல்யாணம், செத்தவீடு, ஆடிவேல் எண்டு சனம் வந்தா அவையள் எங்க விடுறது?

வீட்டுக்கு ஆண்டுக்கு இத்தனை என்று விருந்தினர் சீட்டு கொடுக்கலாம். செத்தவீட்டுக்கு வருகிறவர்களிடம் யாரும் சீட்டுக் காட்டச் சொல்லக்கூடாது என்று தனியாக எழுதியிருக்கிறோம். ஆடிவேல் போன்ற நாட்களில் பொலிஸ் எப்படியும் வேறு ஏற்பாடு செய்வார்கள்.

9. பின்னேரம் டியூஷனுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவாற வான், ஆட்டோ?

ஏற்றி இறக்குவது நிறுத்துவது ஆகாது. ஓரிடத்தை ஏற்றி இறக்க மட்டும் என்று கோடு போடச் சொல்லியிருக்கிறோம். ஒழுங்கையிலேயே குடியிருக்கும் ஆட்டோக்காரர்களுக்கு மற்றவர்களைப் போலவே அட்டை உண்டு. அவர்களுக்கு வண்டிதான் சீவியம். கட்டணம் காருக்கும் ஆட்டோவுக்கும் ஒன்றாக இருக்கக்கூடாது.

10. லண்டனில மாமா வீட்டில இது நல்லா நடக்குதே, இஞ்ச ஏன் இவ்வளவு யோசனை?

லண்டனில் உங்கள் மாமாவுக்கும் இடம் நிச்சயமில்லை. இரவில் இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டு நடந்து வருவதை அவரே சொல்லுவார். அங்கே நடப்பதற்குக் காரணம், தெருவைச் சுற்றிப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள், தண்டப் பணம் தவறாமல் வருகிறது. இங்கே பார்க்க ஆளில்லாமல் அட்டை மட்டும் அச்சடித்தால் மூன்று மாதத்தில் எல்லோரும் பழையபடி விடுவார்கள்.

எனக்கு ஜப்பான் முறைதான் சரியாகப் படுகிறது. அங்கே 1962இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில், கார் நிறுத்த வீதிக்கு வெளியே இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் காரைப் பதியலாம். அதை மாநகர சபை செய்ய முடியாது, நாடு முழுவதற்குமான சட்டம் வேண்டும். ஆனால் இடத்தை முதலில் பார், வண்டியைப் பிறகு வாங்கு என்ற அந்த ஒழுங்கு நாங்கள் தண்ணீருக்கும் கேட்பதுதான்.

11. அதென்ன, பார்க்கிங் மனுவுக்குள்ள தண்ணியை ஏன் கொண்டுவந்தீங்கள்? இரண்டும் குழம்பப் போகுது.

இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குவதால். பதினைந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் ஒழுங்கையில் முற்றமும் மாமரமும் உள்ள தனி வீடுகள் அரைவாசிக்கு மேல் இருந்தன. ஒரு வீடு, ஒரு கார், ஒரு தண்ணீர் மானி. அந்த வீடு இருந்த 15 பேர்ச் காணியில் இன்று 14 வீடுகள். வாசலில் நிற்கும் வண்டி கண்ணுக்குத் தெரிகிறது, சண்டையும் வருகிறது. மண்ணுக்குக் கீழே அதே குழாய் 14 வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவதும், அதே கழிவுநீர்க் குழாய் 14 வீட்டுக் கழிவைக் கொண்டுபோவதும் யாருக்கும் தெரிவதில்லை. பங்குனி மாதம் மேல் மாடியில் குழாய் காற்று விடும்போதுதான் தெரிகிறது.

கட்டட அனுமதி கொடுக்கும் மேசையில்தான் கார், தண்ணீர், கழிவு மூன்றுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியே பார்க்கிறார்கள். ஒழுங்கை முழுவதற்கும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

12. கொழும்புத் தண்ணி எங்கேயிருந்து வருது?

களனி ஆற்றிலிருந்து. அம்பத்தலேயில் ஆற்று நீரை எடுத்துச் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன்பே 1886இல் கட்டப்பட்ட லபுகம நீர்த்தேக்கம் இருந்தது, பிற்பாடு களட்டுவாவ வந்தது. அந்த இரண்டிலிருந்தும் இன்றும் தண்ணீர் வருகிறது. மாளிகாகந்தையில் உள்ள பெரிய தாங்கி அந்தப் பழைய காலத்தின் மிச்சம்.

லபுகமவும் களட்டுவாவவும் வேறு ஆறு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வக் ஓயாவில் இருக்கின்றன, வக் ஓயா களனியில் கலக்கிறது. ஆக நகரம் முழுவதும் ஒரே ஆற்றுப் படுகையை நம்பி இருக்கிறது. 2013இல் திறந்த பியகம நிலையமும் களனிதான். அது நாளொன்றுக்கு 180,000 கனமீற்றர் நீரை ஆற்றின் வடகரைப் பகுதிகளுக்குக் கொடுத்து, அம்பத்தலேயின் சுமையைக் குறைத்தது.

13. தண்ணிச் சபை வேற, மாநகர சபை வேற. தண்ணிக்கு இவையளிட்ட ஏன் போறீங்கள்?

சரியான கேள்வி. குழாய்த் தண்ணீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. அது 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1975இல் தொடங்கியது. பில், மானி, கசிவு எல்லாவற்றுக்கும் அவர்களின் 1939 இலக்கம்தான்.

ஆனால் நகரத்தின் பழைய கழிவுநீர்க் குழாய்கள் மாநகர சபையின் பொறுப்பில் இருப்பவை. பிரித்தானியர் காலத்து அந்த அமைப்பின் கழிவு, முகத்துவாரம் பக்கம் ஓரிடத்திலும் எங்கள் வெள்ளவத்தையில் ஓரிடத்திலும் கடலுக்குள் போகிறது. தீயணைப்புப் படையும் சபையுடையது. கட்டட விண்ணப்பமும் சபையின் மேசைக்கு வருகிறது, பெரிய கட்டடம் என்றால் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் போகிறது. தண்ணீர்ச் சபை ஒரு கடிதத்தில் சம்மதம் கொடுக்கிறது. அந்தக் கடிதத்தில் என்ன கணக்கு இருக்கிறது என்று கேட்கக்கூடிய இடம், நாங்கள் வாக்குப் போட்ட சபை.

14. இவ்வளவு மழை பெய்யுது, வெள்ளமும் வருது. பிறகு என்ன தண்ணிப் பஞ்சம்?

மழை ஆண்டு முழுக்கச் சமமாகப் பெய்வதில்லை. தையிலிருந்து பங்குனி வரை களனியில் நீர் குறையும். அப்போது கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும். உப்பு நீர் கனமானது, நல்ல தண்ணீருக்கு அடியில் ஆற்றுப் படுக்கையோடு ஊர்ந்து வரும். பல வருடமாக மணல் அள்ளியதால் படுக்கை தாழ்ந்து, உப்பு இன்னும் தூரம் ஏறுகிறது. அம்பத்தலே நீர் எடுக்கும் இடத்தைக் காப்பாற்ற ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்க வேண்டி வந்தது இதனால்தான்.

அந்த மாதங்களில் எங்களுக்குக் கை கொடுப்பது மலையகம். காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களிலிருந்து மின்சாரத்துக்காகத் திறக்கும் நீர் களனிக்கு வந்து உப்பைத் தள்ளி வைக்கிறது. நோர்வூட், மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டங்களில் பெய்த மழையைத்தான் கொழும்பில் நாங்கள் பங்குனியில் குடிக்கிறோம். அங்கே லயங்களில் இன்னும் பீலித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. 2015 ஆகஸ்ட்டில் ஆற்றோரத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து டீசல் கசிந்து, நகரத்தின் பல பகுதிகளுக்கு நீர் விநியோகத்தை நிறுத்த வேண்டி வந்தது. ஒரே ஆறு என்றால் ஒரே விபத்தில் எல்லோருக்கும் நின்றுவிடும்.

15. நாங்கள் பெரிய தாங்கி கட்டியிருக்கிறம். எங்களுக்குப் பிரச்சினை இல்லை.

தாங்கி தண்ணீரைச் சேர்த்து வைக்கும், உண்டாக்காது. இரவில் அழுத்தம் கூடும்போது உங்கள் நிலக்கீழ்த் தாங்கி நிறையும், அதே குழாயின் முனையில் இருக்கும் வீட்டுக்கு வராது. இரண்டு நாள் தாக்குப்பிடிக்க அது நல்ல ஏற்பாடுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பொதுக் குழாயில் நேரே மோட்டார் பூட்டி இழுக்காதீர்கள். அது தடை. குழாய்க்குள் வெற்றிடம் ஏற்பட்டு, எங்கேயாவது வெடிப்பு இருந்தால் சுற்றியுள்ள அழுக்கு நீர் உள்ளே போகும். கழிவுநீர்க் குழாயும் அதே மண்ணில்தான் கிடக்கிறது. உங்கள் பிள்ளை குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான்.

16. யாழ்ப்பாணத்தில தாளையடியில கடல் தண்ணியைக் குடிக்கக் குடுக்கிறாங்கள். எங்களுக்கு முன்னாலேயே கடல் கிடக்கே?

2024 ஆகஸ்ட்டில் திறந்த தாளையடி நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தரக்கூடியது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, கிணறுகளை இதற்கு மேல் இறைக்க முடியாது. அங்கே அது அவசியம்.

இங்கே நிலைமை வேறு. கடல்நீரை அழுத்தி உப்பை நீக்க ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், கசிந்து போகும் நல்ல தண்ணீரை முதலில் பிடித்துவிட்டுக் கடலைப் பார்க்கலாம். கொழும்பு நகருக்குள் ஒரு காலத்தில் அனுப்பிய நீரில் ஏறத்தாழ பாதி, கசிவாலும் கள்ள இணைப்பாலும் பில் ஆகாமல் போனது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு 2012இலிருந்து பழைய வார்ப்பிரும்புக் குழாய்களை மாற்றும் வேலை நடந்தது. ஒழுங்கையை மாதக்கணக்கில் கிண்டிப்போட்டார்கள் என்று நாங்கள் திட்டிய அந்த வேலைதான் அது.

17. கூரைத் தண்ணியைப் பிடிச்சா போதாதோ?

2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தி, நகரங்களில் புதிய கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கொண்டுவந்தார்கள். நல்ல விதி. எவ்வளவு உதவும் என்று கணக்குப் பார்ப்போம். 100 சதுர மீற்றர் கூரை, 2,000 மில்லிமீற்றர் மழை என்றால் ஆண்டுக்கு 200,000 லீற்றர், அதாவது 200 யூனிட். தனி வீட்டுக்கு மாதம் 16 யூனிட் என்பது பெரிய உதவி. 300 சதுர மீற்றர் கூரையின் கீழ் 30 வீடு உள்ள தொடர்மாடியில், வீட்டுக்கு மாதம் 2 யூனிட்கூடத் தேறாது. கார் கழுவ, தோட்டத்துக்கு, கழிவறைக்கு அதைப் பயன்படுத்தலாம். குழாய்க்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

கிணறு பற்றியும் கேட்டார்கள். கடலுக்கு இவ்வளவு கிட்ட அதிகமாக இறைத்தால் உவர் ஏறும். ஏற்கெனவே இருப்பதை மூடாமல் வையுங்கள்.

18. எங்ககிட்ட காரும் இல்ல, மாடியும் இல்ல. தோட்டத்துல பத்து வீட்டுக்கு ஒரு பைப். இந்த மனு எங்களுக்கு எதுக்கு?

ஒழுங்கையின் பின்பக்கத்தில் சிறு வீடுகள் நெருக்கமாக உள்ள குடியிருப்பை இங்கே தோட்டம் என்பார்கள். அங்கே இருக்கும் அக்கா ஒருவர் கேட்டது. இதைக் கேட்ட பிறகுதான் மனுவைத் திருத்தினோம். முதல் வரைவில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அது எங்கள் பிழை.

வீதி எல்லோருடையதும். கார் இல்லாத வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது கார்களுக்கு நடுவால் நெளிந்துதான் போகிறது. ஒரு பக்கம் திறந்தால் அந்தப் பிள்ளைக்கு நடைபாதை கிடைக்கும். அட்டைக் கட்டணம் சபையின் பொது நிதிக்குத்தான் போகும், அதில் ஒரு பங்கை இந்த ஒழுங்கையின் நடைபாதைக்கும் வடிகாலுக்கும் செலவழிக்கச் சபைத் தீர்மானம் ஒன்று வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். தண்ணீர்ப் பகுதியில், புதிய தொடர்மாடிக்கு இணைப்புக் கொடுப்பதற்கு முன்னால் தோட்டத்து வீடுகளுக்குத் தனித்தனி மானி கொடுக்க வேண்டும் என்று முதலாவதாகச் சேர்த்திருக்கிறோம். அழுத்தம் குறைந்தால் முதலில் காய்வது அவர்களுடைய குழாய்தான்.

19. அப்ப புதுக் கட்டடமே வேண்டாம் எண்டுறீங்களோ? எங்கட பிள்ளையளுக்கு வீடு வேண்டாமோ?

வேண்டும். நாங்களே தொடர்மாடியில்தான் இருக்கிறோம். 1983 கலவரத்துக்குப் பிறகும், யுத்த காலத்திலும் வடக்குக் கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஒழுங்கைகள் இடம் கொடுத்தன. வந்த பிறகு கதவைச் சாத்து என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

நாங்கள் கேட்பது ஒழுங்கு முறை. குழாய் போதாது என்றால், பெரிய குழாய் போட்ட பிறகு கட்டட அனுமதி. தரிப்பிடம் வரைபடத்தில் இருக்கிறது என்றால், குடியேறும் சான்றிதழுக்கு முன்னால் ஒருவர் நேரில் வந்து எண்ணிப் பார்க்க வேண்டும். இதனால் கட்டுவோருக்குச் செலவு கூடும், வீட்டு விலை கொஞ்சம் ஏறலாம் என்று ஒருவர் வாதாடினார். உண்மைதான், ஏறலாம். இப்போது அந்தச் செலவைப் பவுசர் தண்ணீருக்கும் மோட்டார் மின்சாரத்துக்கும் மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் பதில்.

20. தமிழில எழுதிக் குடுத்தா வாசிப்பாங்களோ? சபை பதில் தராட்டி?

தமிழும் அரச கரும மொழி. மனுவைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்திருக்கிறோம், ஏனென்றால் ஒழுங்கையில் சிங்களக் குடும்பங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு பிரதி வட்டார உறுப்பினருக்கு, ஒன்று நகர மண்டபத்தில் மாநகர ஆணையாளருக்கு. கையளித்த திகதியோடு முத்திரை குத்திய பிரதியை வாங்கி வையுங்கள்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்: எங்கள் ஒழுங்கையில் கடந்த பத்து வருடத்தில் அனுமதி பெற்ற கட்டடங்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் காட்டிய தரிப்பிடம் எத்தனை, தண்ணீர்ச் சபையின் சம்மதக் கடிதப் பிரதி. தண்ணீர்ச் சபைக்கும் இதே போல் தனியாக ஒன்று.

21. கையெழுத்துப் போட்டா நாளைக்கே என்ர காரை எடுக்கச் சொல்லுவீங்களோ?

இல்லை. சபை முடிவெடுக்கும் வரை யாருடைய வண்டிக்கும் எதுவும் நடக்காது, 3ஆம் கேள்வியில் சொன்னபடி அதற்கு மாதங்கள் ஆகும். ஒன்றை மட்டும் இன்றிரவிலிருந்தே செய்யலாம்: கடற்கரையை நோக்கி இறங்கும்போது இடது பக்கம் மட்டும் நிறுத்துவோம், வலது பக்கத்தை விட்டுவைப்போம். பதினொரு வீடுகள் சம்மதித்துவிட்டன. கையெழுத்துத் தாள் மூலைக் கடையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலை எடுத்துக்கொள்வேன்.